செவிக்கென அமைந்த மண்டபம்

இசைக் கச்சேரிக்குச் சென்று திரும்பிய ஒருவரைக் காணும்பொழுது நாம் அவரிடம் சில கேள்விகளைக் கேட்பது வழக்கம். பாடியவர் யார்? பக்கவாத்தியம் யார்? எந்த இராகத்தை விரித்துப் பாடினார்? தனி ஆவர்த்தனம் எப்படி இருந்தது? இவ்வளவும் கேட்போம். ஆயின், "நீர் இருந்து கேட்ட மண்டபம் எத்தகையது?" என்று கேட்பார் அரியர். பாடகரின் குரலும் வயலினின் நாதமும் நம் செவியை நேரே வந்தடைவதோடு, அந்த மண்டபத்தின் சுவரிலும் கூரையிலும் தரையிலும் பட்டுத் திரும்பியும் வந்தடைகின்றன. ஆகவே ஒவ்வொரு கச்சேரியிலும் மேடையில் தோன்றாத பக்கவாத்தியக்காரர் ஒருவர் இருக்கிறார். மண்டபமே அவர். அவர் ஒத்துழைத்தால் நடுத்தர வித்துவானும் சோபிப்பார். அவர் முரண்டு பிடித்தால் மகாவித்துவானும் என் செய்வார்?

நேயர்களே, செவிக்கென்று அளந்து அமைக்கப்பட்ட மண்டபங்களைப் பற்றியும், அவற்றுள் அமர்ந்து கேட்பதன் பயனைப் பற்றியும் இன்று சில கருத்துகளைக் கூற விரும்புகிறேன். இசையைக் குறித்து எம் முஸ்லிம் சமுதாயத்தில் மாறுபட்ட கொள்கைகள் உண்டு. அந்த விவாதத்துள் நான் புகவில்லை. பாட்டைக் கேட்பவருக்கும், பயானைக் கேட்பவருக்கும், பாடசாலையில் ஆசிரியர் நடத்தும் பாடத்தைக் கேட்பவருக்கும் பொதுவாக உள்ளது செவி. அந்தச் செவிக்கு நாம் செய்யவேண்டிய கடமையே இன்றைய பொருள்.

அரங்கை அளந்து அமைக்கவேண்டும் என்ற எண்ணம் தமிழர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய அரங்கின் அளவுகள் கூறப்பட்டுள்ளன. பெருவிரல் இருபத்துநான்கு கொண்டது ஒரு கோல். அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல். மேடைத் தளத்திலிருந்து மேல் விதானம் வரை நான்கு கோல். தூண்களின் நிழல் அரங்கில் விழாவண்ணம் விளக்கு வைக்கவேண்டும் என்பதையும் இளங்கோவடிகள் மறக்கவில்லை. மண்டபத்தின் ஒலியைப் பற்றி அவர் தனியே பேசவில்லை. ஆயினும் கலை நிகழும் இடம் கலைக்கு ஏற்ற அளவோடு அமையவேண்டும் என்னும் கொள்கை அங்கே தெளிவாக உண்டு.

அந்த அரங்கேற்று காதையை ஆராய்ந்து, மறைந்துபோன யாழின் இலக்கணத்தை மீட்டுத் தந்தவர் எங்கள் கரையோரத்தில் பிறந்தவர் என்பதை நினைக்கும்போது பெருமை உண்டாகிறது. கல்முனையிலிருந்து தெற்கே சென்றால் சாய்ந்தமருது, அதனை அடுத்துக் காரைதீவு. அந்தக் காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்து, கல்முனையிலும் மட்டக்களப்பிலும் கல்வி கற்றவர் சுவாமி விபுலாநந்தர். அவர் விஞ்ஞானப் பட்டதாரி. கணிதமும் பௌதிகமும் கற்ற அறிவைக் கொண்டு பண்ணையும் சுரத்தையும் அளந்து பார்த்தார். அவருடைய யாழ்நூல் 1947 யூன் மாதம் தமிழ்நாட்டில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். இசையை உணர்ச்சியோடு சுவைப்பதற்கும் கணக்கோடு ஆராய்வதற்கும் பகையில்லை என்பதை அவருடைய வாழ்க்கை காட்டுகிறது. நாமும் அவ்வழியிலேயே மண்டபத்தைச் சற்று அளந்து பார்ப்போம்.

முதலில் மண்டபமே இல்லாத இடத்தை எண்ணுவோம். எங்கள் கடற்கரையில் கரைவலை இழுப்போர் அம்பாப் பாட்டுப் பாடுவர். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர் அனைவரும் ஒன்றாய்ப் பாடுவர். வயல்வெளியில் நாட்டார் கவி பாடுவோர் குரலை உயர்த்தி, சொற்களை நீட்டிப் பாடுவர். ஏன் இப்படி? திறந்தவெளியில் ஒலி திரும்பி வருவதில்லை; போனது போனதுதான். தூரம் இரு மடங்கானால் ஒலியின் வன்மை நான்கில் ஒன்றாய்க் குறைகிறது. ஆகவே அங்கே பாடுபவர் தம் குரல்வளத்தையே நம்பவேண்டும். அல்லது பலர் சேர்ந்து பாடவேண்டும். நாகசுரமும் தவிலும் பறையும் இத்தகைய வெளிக்கு ஏற்ற கருவிகளாகப் பிறந்தவை.

நான்கு சுவரும் ஒரு கூரையும் எழுந்தவுடன் நிலைமை மாறுகிறது. ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றர் தூரம் செல்லும். மேடையிலிருந்து நேரே வரும் ஒலி முதலில் செவியை அடைகிறது. பக்கச் சுவரில் பட்ட ஒலி சற்றுப் பின்னே வருகிறது. அது நேரொலிக்குப் பின் ஒரு செக்கனில் இருபதில் ஒரு பங்குக்குள் வந்து சேருமாயின், நம் செவி அவற்றை இரண்டெனப் பிரித்து அறியாது. இரண்டையும் ஒன்றாக்கி, குரல் வலுவுற்றதாகவே கொள்ளும். இருபதில் ஒரு செக்கனில் ஒலி செல்லும் தூரம் 17 மீற்றர். அதற்கு மேற்பட்ட தூரம் சுற்றி வலுவுடன் வரும் ஒலி உதவியாய் இராது. அது பின்வரும் சொல்லின் மேல் ஏறி விழுகிறது. இன்னும் தூரத்துச் சுவரிலிருந்து தனித்து வருமாயின் எதிரொலி என்கிறோம். பல திசையிலும் பட்டுப் பட்டு, எண்ணற்ற தெறிப்புகள் ஒன்றாய்க் கலந்து, மெல்ல மெல்லத் தேய்ந்து மறையும் ஒலியை எதிர்முழக்கம் என்பர். மண்டபத்தின் குணம் பெரிதும் இந்த எதிர்முழக்கத்தின் நீளத்தைப் பொறுத்தது.

இதனை அளக்கலாம் என்று உலகுக்குக் காட்டியவர் அமெரிக்காவில் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் கற்பித்த வாலஸ் சபைன் என்பவர். 1895ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகம் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை மண்டபத்தில் பேராசிரியர் பேசுவது எவர்க்கும் விளங்கவில்லை. ஒரு சொல் ஓய்வதற்குள் பல சொற்கள் வந்துவிடும். அங்கே முழக்கம் ஐந்து செக்கனுக்கு மேல் நின்றது. இதனைச் சீர்செய்யும் பொறுப்பு, அப்பொழுது இருபத்தேழு வயதினரான சபைனிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் கையாண்ட கருவிகள் மிக எளியவை. ஓர் ஓகன் குழாய், ஒரு கடிகாரம், தம் சொந்தச் செவி. ஊர் அடங்கிய இரவுகளில், வேறொரு நாடக மண்டபத்தின் இருக்கைப் பஞ்சணைகளைச் சுமந்துவந்து இங்கே பரப்புவார். குழாயை ஒலிக்கச் செய்து நிறுத்தி, முழக்கம் மறையும் நேரத்தைக் குறிப்பார். மேலும் சில அணைகளைப் பரப்பி, மீண்டும் அளப்பார். விடிவதற்குள் அணைகளை உரிய இடத்தில் திருப்பி வைக்கவேண்டும். இவ்வாறு இரவு இரவாக உழைத்தார்.

அந்த உழைப்பின் பயனாக ஓர் எளிய விதி பிறந்தது. மண்டபம் பெரிதாகப் பெரிதாக முழக்கம் நீளும். ஒலியை உறிஞ்சும் பொருள்கள் கூடக் கூட முழக்கம் குறையும். உறிஞ்சுதலை அளக்க அவர் எடுத்துக்கொண்ட அலகு மிக அழகியது. திறந்த சாளரமே அவ்வலகு. சாளரத்தின் வழியே வெளியேறிய ஒலி திரும்புவதில்லை. ஆகவே திறந்த சாளரம் முழுமையாக உறிஞ்சும் பொருளுக்கு ஒப்பானது. ஒரு திரை, ஒரு பஞ்சணை, ஒரு மனிதர், இவை ஒவ்வொன்றும் எத்தனை சதுர மீற்றர் திறந்த சாளரத்துக்குச் சமம் என்று கணக்கிட்டுவிடலாம். மண்டபத்தின் கன அளவை மீற்றர்க் கணக்கில் எடுத்து, 0.16ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சுதலால் வகுத்தால் முழக்கம் நிற்கும் நேரம் செக்கனில் கிடைக்கும். உயர்தர வகுப்பு மாணாக்கன் இதனைச் சில நிமிடத்தில் செய்துவிடுவான். இந்த விதியை முன்வைத்துக் கட்டப்பட்ட பொஸ்டன் சிம்பொனி மண்டபம் 1900 ஒக்டோபர் 15ஆம் நாள் திறக்கப்பட்டது. உலகின் சிறந்த இசை மண்டபங்களுள் ஒன்றாக அது இன்றும் எண்ணப்படுகிறது.

இனி, முழக்கம் எவ்வளவு நேரம் நிற்பது நல்லது என்ற கேள்வி எழும். அதற்கு ஒரே விடை இல்லை. மேலைநாட்டுப் பல்லிய இசைக்கு ஏறத்தாழ இரண்டு செக்கன் உகந்தது என்பர். 1870இல் திறக்கப்பட்ட வியன்னா நகரின் பெருமண்டபமும் பொஸ்டன் மண்டபமும் அவ்வளவை ஒட்டியே உள்ளன. பேச்சுக்கோ ஒரு செக்கன் அளவும் அதற்குக் குறைந்தும் இருப்பதே நலம்.

இந்த வேற்றுமையை எம் நேயர்கள் தங்கள் ஊர்ப் பள்ளிவாசலிலேயே கேட்டு உணரலாம். உயர்ந்த குவிமாடமும் பளிங்குத் தரையும் உடைய பள்ளிவாசலில் காரி ஒருவர் திருக்குர்ஆனை நீட்டி நிறுத்தி ஓதும்பொழுது, ஒவ்வொரு நீட்டலும் மாடத்தைச் சுற்றித் தவழ்ந்து நம் உள்ளத்தில் இறங்குகிறது. அதே இடத்தில், அதே நாளில், ஒருவர் விரைந்து பயான் நிகழ்த்தினால் பின்வரிசையில் இருப்போர்க்குப் பாதிச் சொற்கள் பிடிபடுவதில்லை. இடம் மாறவில்லை, செவி மாறவில்லை. நீண்ட ஒலிக்கு உதவிய முழக்கமே குறுகிய சொல்லுக்குப் பகையாயிற்று. ஓதுதலை இசையென்று நாம் எவரும் கூறமாட்டோம். ஒலியின் இயல்பை விளக்கவே இதனை எடுத்துக் காட்டினேன். துருக்கியின் பெருஞ்சிற்பி சினான், 1557இல் நிறைவுற்ற இஸ்தான்புல் சுலைமானியாப் பள்ளிவாசலின் மாடத்தில் வாய் திறந்த மட்குடங்களைப் பதித்து வைத்தார். அவை ஒலியைப் பக்குவப்படுத்துவதற்காகவே வைக்கப்பட்டவை என்பது ஆய்வாளர் கருத்து. கருவிகள் தோன்றுமுன்பே செவியை மதித்த சிற்பிகள் இருந்தனர்.

கருநாடக இசையின் தேவை இவ்விரண்டில் எதைச் சார்ந்தது? இரண்டையும் சார்ந்தது என்பதே என் கருத்து. அதில்தான் அந்த இசைக்கு மண்டபம் கட்டுவதன் அருமை இருக்கிறது. ஆலாபனையில் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தி, கமகத்தோடு அசைத்து, அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்கிறார் பாடகர். அங்கே சிறிது முழக்கம் இருந்தால் குரலுக்கு மெருகு ஏறும். கீர்த்தனை தொடங்கியவுடன் சாகித்தியம் வருகிறது, சொல் விளங்கவேண்டும். பின்னர்க் கற்பனாசுரம், அதன்பின் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் விரைந்த சொற்கட்டுகள். முழக்கம் நீண்ட மண்டபத்தில் இவை ஒன்றோடொன்று குழம்பி, மணிகளாய் உதிரவேண்டியவை கூழாகிவிடும். ஆகவே ஒரே கச்சேரி, ஒரே மேடையில், ஓதுவாருக்குரிய இடத்தையும் பேச்சாளர்க்குரிய இடத்தையும் ஒருங்கே கேட்கிறது. இதற்கு இடைப்பட்ட அளவே பொருந்தும்.

இந்த இசைக்கென்று எழுந்த மண்டபங்களுள் புகழ் மிக்கது சென்னை மியூசிக் அக்கடமியின் மண்டபம். 1927 டிசெம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபொழுது அதனோடு ஓர் இசை மகாநாடும் நடைபெற்றது. அதன் விளைவாக 1928இல் அக்கடமி தோன்றியது. அதற்குச் சொந்தமான மண்டபம் பல ஆண்டுகள் இல்லை. 1955இல் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1962இல் மைசூர் மகாராஜா ஜயசாமராஜ உடையார் திறந்து வைத்தார். மார்கழி மாதந்தோறும் அங்கே காலையில் விளக்க உரைகளும், பகலிலும் மாலையிலும் கச்சேரிகளுமாக ஒரு பெருவிழா நடைபெறுகிறது. யுனெஸ்கோ நிறுவனம் 2017இல் சென்னையை இசைக்குரிய ஆக்க நகரங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

அத்தகைய மண்டபத்தினுள் நுழைந்து அமர்வோர் முதலில் உணர்வது ஓசையின்மையை. தெருவின் இரைச்சல் கதவுக்கு வெளியே நின்றுவிடுகிறது. அந்த அமைதியின் மேல் தம்புராவின் சுருதி மெல்லப் படர்கிறது. சுருதி பரவிய பின்னரே குரல் எழுகிறது. நடு இருக்கைகளில் இருப்போர்க்கு மேடையிலிருந்து வரும் நேரொலியும் பக்கச் சுவர்களின் துணையொலியும் அளவாய்ச் சேர்ந்து வரும். மிருதங்கத்தின் வலந்தலை மணிபோல் ஒலிக்க, இடந்தலையின் கும்காரம் தரையோடு உருண்டு வரும். முன்வரிசையே உயர்ந்த இடம் என்று பலர் எண்ணுகின்றனர். பிரமுகரைப் பார்ப்பதற்கு அது உயர்ந்த இடமாகலாம். பல குரலும் ஒன்றாய் இணைந்து கேட்பதற்கு நடுவிடம் சிறந்தது. விலை குறைந்த சீட்டை வாங்கிச் சற்றுப் பின்னே அமர்ந்த இரசிகர், முன்னே அமர்ந்த பிரமுகரைவிட நன்றாய்க் கேட்டிருத்தல் கூடும்.

அந்த அக்கடமி ஆண்டுதோறும் அளிக்கும் சங்கீத கலாநிதி விருதை 1998இல் பெற்றவர் நாகசுர மேதை ஷேக் சின்ன மௌலானா. ஆந்திர நாட்டில் பிறந்து திருவரங்கத்தில் வாழ்ந்த முஸ்லிம் பெருமகனார் அவர். வீதிக்கும் கோபுர வாயிலுக்கும் உரியதாய்ப் பிறந்த நாகசுரம், சுவர் சூழ்ந்த மண்டபத்தினுள் வரும்பொழுது வாசிப்போருக்குப் புதியதொரு பொறுப்பு வருகிறது. வெளியில் போல் ஊதினால் மண்டபம் தாங்காது. மூச்சை அடக்கி, நுண்மையைக் காட்டவேண்டும். மண்டபம் கலைஞனுக்கு ஆசிரியனாகிறது என்று இதனைச் சொல்லலாம்.

இங்கே ஒலிவாங்கியைப் பற்றி ஒரு சொல் கூறவேண்டும். 1930களில் அது கச்சேரி மேடைக்கு வந்தது. அதனால் விளைந்த நன்மை சிறிதன்று. ஆயிரம் பேருக்குக் கேட்கும்படி உச்சக்குரலில் பாடவேண்டிய தேவை ஒழிந்தது. மெல்லிய குரலுக்கும் தாழ்ந்த சுருதிக்கும் இடம் கிடைத்தது. ஆயினும் நாளடைவில் ஒலிபெருக்கி இருக்கையில் மண்டபம் எதற்கு என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. இது பெரும் பிழை. முழக்கம் மிகுந்த மண்டபத்தில் ஒலியைக் கூட்டினால் குரலும் கூடும். முழக்கமும் அதே அளவு கூடும். மங்கலான எழுத்தைப் பெரிதாக எழுதினால் மங்கலும் பெரிதாகுமேயன்றித் தெளிவு பிறவாது. உரத்துக் கேட்பது வேறு. தெளியக் கேட்பது வேறு. இவ்வொன்றை நேயர்கள் நினைவிற் கொண்டால் இப்பேச்சின் பயன் நிறைவேறியதாகக் கொள்வேன்.

கணக்கு ஒன்றே போதும் என்றும் எண்ணிவிடலாகாது. சென்னை மண்டபம் திறந்த அதே 1962இல் நியூயோர்க் நகரில் பில்ஹார்மொனிக் மண்டபம் திறக்கப்பட்டது. ஐம்பதுக்கு மேற்பட்ட மண்டபங்களை ஆராய்ந்த பெரும் நிபுணர் அதற்கு ஆலோசகர். இருந்தும், அவர் கூறிய எண்ணிக்கைக்கு மேல் இருக்கைகள் சேர்க்கப்பட்டன, வடிவமும் மாறியது. திறந்த நாள் முதல் இசைவாணர் குறை கூறினர். 1976இல் உட்புறத்தை முற்றாக இடித்துக் கட்டினர். குறை தீராமல் மீண்டும் திருத்தி 2022இல் திறந்தனர். அறிஞரை அழைத்து ஆலோசனை கேட்பது போதாது. கேட்டபின் அதன்படி நடக்கவும் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று இல்லை.

நம் நாட்டிலும் புதிய அரங்குகள் எழுந்துள்ளன. பொலன்னறுவையிலுள்ள தாமரைத் தடாகத்தின் வடிவை ஒட்டிக் கொழும்பில் கட்டப்பட்ட தாமரைத் தடாக அரங்கு 2011 டிசெம்பரில் திறக்கப்பட்டது. இந்திய அரசின் நன்கொடையாக யாழ்ப்பாணத்தில் எழுந்த கலாசார மையம் 2023 பெப்ரவரியில் மக்களுக்குக் கையளிக்கப்பட்டது. 2025இல் அதற்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டது. அதில் ஏறத்தாழ 600 பேர் அமரத்தக்க அரங்கு உண்டு. கல்லடியில் 1982இல் தோன்றிய விபுலாநந்த இசை நடனக் கல்லூரி வளர்ந்து, இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கை நிறுவகமாக விளங்குகிறது. கிழக்கில் இசை கற்போருக்குக் குறைவில்லை. அவர்கள் பாடுவதை நன்கு கேட்பதற்குரிய இடமே வேண்டும்.

பெருமண்டபத்துக்குச் செல்லும் வாய்ப்பு எல்லோர்க்கும் கிட்டுவதன்று. ஆனால் எங்கள் கரையோரத்துப் பிள்ளை ஒவ்வொன்றும் நாள்தோறும் ஒரு மண்டபத்துக்குச் செல்கிறது. பாடசாலை மண்டபத்தையே சொல்கிறேன். மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை, 2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடல் கொண்டுபோன கட்டடங்களுக்குப் பதிலாகவும், வளரும் தேவைக்காகவும் எத்தனையோ புதிய கட்டடங்கள் எழுந்தன. அவற்றைக் கட்டித் தந்தோருக்கு நாம் நன்றியுடையோம். எனினும் நம் மண்டபங்களிற் பல சீமெந்துத் தரையும், பூசிய சுவரும், தகரக் கூரையுமாக இருக்கின்றன. கண்ணுக்கு அழகிய வர்ணம் உண்டு. செவியைப் பற்றி எவரும் எண்ணவில்லை. மாரிகாலத்தில் கூரையில் மழை விழும்போது பரிசளிப்பு விழாவில் பேசுவோர் வாயசைவதையே காணலாம்.

இதனால் விளையும் தீங்கு என்ன? தமிழ்ச் சொல்லில் உயிரொலி நீண்டு நிற்பது. மெய்யொலி கணத்தில் தோன்றி மறைவது. முழக்கத்தில் உயிரொலிகள் நீண்டு, பின்வரும் மெய்யொலிகளை மூடிவிடும். கடல், படல், மடல் என்ற மூன்று சொற்களும் பின்வரிசைப் பிள்ளைக்கு ஒன்றாகவே கேட்கும். வளர்ந்தவர் விடுபட்ட சொல்லைத் தம் அனுபவத்தால் நிரப்பிக்கொள்வார். சொற்களை இப்பொழுதுதான் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை எதைக் கொண்டு நிரப்பும்? அது சலித்து, அயலில் இருக்கும் பிள்ளையோடு பேசத் தொடங்கும். நாமோ அதனைக் கவனமற்ற பிள்ளை என்று முத்திரை குத்துகிறோம். கல்வி அதன் செவிவரை சென்று சேராத குற்றத்துக்கு அந்தப் பிள்ளை தண்டனை பெறுகிறது. முப்பது ஆண்டுக்கு மேல் பாடசாலைகளில் வாழ்ந்தவன் என்ற முறையில், இதனைவிடப் பெரிய அநீதி நம் கண்முன்னே ஓசையின்றி நடப்பதாக நான் அறியேன்.

பரிகாரம் உண்டு, பெரும் பொருளும் தேவையில்லை. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். 30 மீற்றர் நீளம், 12 மீற்றர் அகலம், 5 மீற்றர் உயரம் உடைய ஒரு மண்டபம். கன அளவு 1800. அதனை 0.16ஆல் பெருக்கினால் 288. சுவர், தரை, கூரை, திறந்த சாளரங்கள் எல்லாம் சேர்ந்து 72 சதுர மீற்றர் அளவுக்கு ஒலியை உறிஞ்சுவதாகக் கொண்டால், வெறும் மண்டபத்தில் முழக்கம் 4 செக்கன். 300 பிள்ளைகள் வந்து அமர்ந்தால், ஒரு பிள்ளைக்கு 0.3 என வைத்து, இன்னும் 90 கூடும். முழக்கம் ஏறத்தாழ 1.8 செக்கனாகும். அதன்மேல் தடித்த திரைகளும் உறிஞ்சும் பலகைகளும் சேர்த்து இன்னும் 80 கூட்டினால், முழக்கம் 1.2 செக்கனுக்கு இறங்கிவிடும். பேச்சும் விளங்கும், பிள்ளைகளின் பாட்டும் இனிக்கும்.

திரைக்கு நாம் பிற நாட்டை நாடவேண்டுமா? மருதமுனையில் கைத்தறி உண்டு. தடித்த நூலில் நெய்த துணியை, வேண்டிய அகலத்துக்கு இரு மடங்கு எடுத்து, மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டால் அது நல்ல உறிஞ்சு பொருளாகும். தென்னந்தும்பு நம்மிடம் நிறைய உண்டு. எம் ஊர்ப் பெண்கள் இழைக்கும் பன்பாயைத் தும்பின்மேல் போர்த்திச் சட்டத்தில் பூட்டி, பின்சுவரில் அமைக்கலாம். சுவரோடு ஒட்டி அறையாமல் 10 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டுப் பொருத்துவது சிறந்தது. தாழ்ந்த சுருதி ஒலிகளையும் அது ஓரளவு பிடித்துக்கொள்ளும். முதலில் பின்சுவரைக் கவனிக்கவேண்டும். நெடுந்தூரம் சென்று திரும்பி வந்து குழப்பும் ஒலி அங்கிருந்தே வருகிறது. மேடையை அடுத்த பக்கச் சுவர்களை வெறுமையாகவே விடலாம். அவை பேசுவோர்க்குத் துணை செய்யும். சபைன் இரவல் பஞ்சணைகளைக் கொண்டு செய்ததை நாம் நம் பாயையும் தறியையும் கொண்டு செய்யலாம். விஞ்ஞானப் பாட மாணாக்கர் கைதட்டிக் கடிகாரம் பார்த்து, முன்னும் பின்னும் அளந்து எழுதினால் அது சிறந்த செய்முறைப் பாடமுமாகும். புதிய மண்டபம் கட்டுவோர்க்கு ஒரு வேண்டுகோள்: வரைபடத்தில் கையெழுத்திடுமுன், இங்கே பேசுவது கடைசி வரிசைக்கு விளங்குமா என்று கேளுங்கள்.

முடிவாக ஒன்று. மேலே கண்ட கணக்கில் மிகுதியான உறிஞ்சுதல் எதனால் வந்தது? வந்து அமர்ந்த பிள்ளைகளால். வெறும் மண்டபம் ஒரு குணம் உடையது. மக்கள் நிறைந்த மண்டபம் வேறு குணம் உடையது. இசை மண்டபம் அமைப்போர் இதனை அறிந்து, இருக்கை வெறுமையாய் இருந்தாலும் ஒருவர் அமர்ந்ததற்கு ஒப்பாய் ஒலியை உறிஞ்சும்படி இருக்கைகளுக்கு மெத்தை இடுகின்றனர். ஆகவே கேட்போர் மண்டபத்துக்கு வெளியே இருந்து வந்த விருந்தினர் அல்லர். மண்டபத்தின் ஒரு பகுதியே ஆவர். நாம் அமைதியாய் அமர்ந்தால் அயலவர்க்கும் நன்றாய்க் கேட்கும். நம் கைத்தொலைபேசி ஒலித்தால், நிபுணர் ஆண்டுக்கணக்காய் அமைத்த அமைதி அக்கணத்தில் உடையும். நல்ல மண்டபம் கட்டுவது பொறியியலாளர் கடமை. அதனை நிறைவு செய்வது, வாய் மூடிச் செவி திறந்து அமரும் நம் ஒவ்வொருவரின் கடமை. அந்தப் பழக்கத்தை நம் பிள்ளைகள் பாடசாலை மண்டபத்திலே பெறட்டும். பின்னர் உலகின் எந்த மண்டபத்துக்குச் சென்றாலும் அவர்கள் கேட்கத் தெரிந்தவர்களாய் இருப்பர்.